வாசலுக்கு ஐந்து வாங்கு

பிள்ளைகளே, போன கிழமை கலியாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் நான் நின்று கதிரை வரிசைகளை விரலால் எண்ணியதைப் பார்த்து நீங்கள் மூன்று பேரும் சிரித்தீர்கள். "அப்பா திரும்ப எண்ணத் தொடங்கிட்டார்" என்று சின்னவள் சொன்னதும் என் காதில் விழுந்தது. பஸ்ஸில் ஏறினாலும், கோயிலில் சனம் நெரிந்தாலும், ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்தாலும் நான் இதைத்தான் செய்கிறேன். சிரித்ததில் கோபமில்லை. யாரிடம் பழகினேன் என்று நீங்கள் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். இப்போது எனக்கு முழங்காலும் ஏலாது, ஒன்றை மனதில் மூடி வைத்திருக்கவும் ஏலாது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் பெரியவன் திருத்தட்டும். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

அந்தப் பிள்ளையின் பெயரை எழுதப் போவதில்லை. எங்கேயாவது குடும்பத்தோடு இருக்கக்கூடிய ஒருத்தி. கேட்காமல் பெயரைப் போடுவது சரியில்லை.

உங்கள் அம்மாவைக் கட்டுவதற்கு முன் நான் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஓடிய லோஞ்சில் வேலை செய்தவன். கயிறு கட்டுவது, சாமான் ஏற்றுவது, ஆட்களுக்குக் கைகொடுத்து இறக்குவது என் வேலை. ஓட்டுகிறவரைத் தண்டையல் என்போம். அந்த லோஞ்ச் எப்படி இருந்தது என்று தெரியாவிட்டால் நான் சொல்லப்போவது உங்களுக்கு விளங்காது. மரத்தால் செய்த, வயிறு பெருத்த படகு. முன்பக்கம் நாலு படி இறங்கினால் உள்ளே குறுக்காக ஒன்பது வாங்குகள், ஆட்கள் இருக்கிற நீளப் பலகைகள். நடுவே ஒரு ஆள் போகிற இடைவெளி. கடைசி வாங்குக்குப் பின்னால் எஞ்சின் பெட்டி. அதையொட்டி மேலே போகிற புகைக்குழாய். அந்த இடத்துக்கு நேர் மேலே கூரையில் ஒரு சதுரப் பலகை மூடி. அதைத் தூக்கினால் மேல்தட்டுக்கு ஏறலாம். எஞ்சின் திருத்துகிறவரைத் தவிர வேறு ஒருவரும் அதால் ஏறினதில்லை. ஆண்கள் மேல்தட்டில் காற்றில் இருப்பார்கள். கடல்தண்ணி அடிக்கும் என்று பெண்களும் சின்னப் பிள்ளைகளும் உள்ளே இருப்பார்கள்.

அந்தப் பிள்ளை உள்ளே நாலாவது வாங்கில் இருப்பாள். இருப்பதற்கு முன் முன்பக்கம் ஒரு தரம், பின்பக்கம் ஒரு தரம் பார்ப்பாள். உதடு அசையும். "முன்னுக்கு மூண்டு, பின்னுக்கு அஞ்சு." ஒவ்வொரு நாளும். வாங்குகள் இரவோடிரவாக எங்கே போகப் போகின்றன? எனக்கு அது பார்க்கவே களைப்பாக இருக்கும்.

அவர்கள் புங்குடுதீவு. தகப்பனுக்குக் கொழும்பில் கடை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடையும் போய், கடைக்கு மேலே இருந்த வீடும் போய், கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினவர்கள். தகப்பன் அதன் பிறகு வீட்டைவிட்டு வெளிக்கிட்டதில்லை. பிள்ளை நெடுந்தீவுப் பள்ளிக்கூடமொன்றில் இங்கிலிஷ் படிப்பிக்கச் சேர்ந்தாள். காலையில் எங்கள் லோஞ்சில் போய்ப் பின்னேரம் எங்கள் லோஞ்சிலேயே வருவாள். கொழும்பில் இருந்த காலத்தில் ஒரு விமானக் கொம்பனியில் எயார் ஹோஸ்டஸ் வேலைக்குத் தெரிவாகி, ஆறு கிழமைப் பயிற்சியில் நாலு கிழமை முடித்தவள் என்பது அவள் வந்த மறுநாளே துறை முழுக்கத் தெரிந்துவிட்டது.

நெடுந்தீவிலிருந்து கோழி கொண்டுபோய் விற்கிற அக்கா ஒருத்தி இருந்தாள். அவளுடைய வாய்க்குத் தண்டையலே பயம்.

"ஏன் பிள்ளை, பிளேனிலை பிளேன்ரீ குடுப்பினமோ?"

"குடுப்பினம் அக்கா. கோழியும் குடுப்பினம்."

"உயிரோடையோ?"

"உங்கடை கோழி எண்டால் உயிரோடைதான். அது ஒருத்தருக்கும் வேகாது."

உள்ளே இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். கோழிக்காரியும் சிரித்தாள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளைக்கு எயார் ஹோஸ்டஸ் என்பதே பெயர். அவள் கோபித்ததில்லை. கடல் பிரட்டி, வயிற்றைக் குமட்டி யாராவது சத்தியெடுக்கத் தொடங்கினால், பழைய பேப்பரில் மடித்து ஒட்டிய பைகளைக் கைப்பையிலிருந்து எடுப்பாள். எடுத்து நீட்டிவிட்டுப் போகமாட்டாள். சத்தியெடுக்கிறவளுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, கண்ணுக்கு நேரே பார்த்து, "மூக்காலை மூச்சு எடுங்கோ, அங்கை அந்தக் கரையைப் பாருங்கோ" என்று மெதுவாகச் சொல்லுவாள். இருக்கிற ஆளோடு நின்றுகொண்டு கதைக்கக்கூடாதாம், பயந்த ஆள் இன்னும் பயப்படுமாம், அப்படிப் படிப்பித்ததாம்.

லோஞ்ச் எவ்வளவு ஆடினாலும் எல்லாரும் இருந்தபிறகுதான் அவள் இருப்பாள். அதுவரை இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நடுவே நிற்பாள், ஒன்றையும் பிடிக்கமாட்டாள். துறையிலிருந்து லோஞ்சுக்கு ஏறும்போது எல்லாரும் பிடிக்கிற கயிற்றையும் பிடிக்கமாட்டாள். கை கட்டியபடியே அலையைப் பார்த்து, தட்டு உயர்கிற நேரம் பார்த்து ஒரு எட்டு வைப்பாள். நான் நீட்டின கையும் அப்படியே நீட்டினபடி நிற்கும்.

எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"என்ன தங்கச்சி, எங்கடை கயித்தைப் பிடிச்சால் உம்மடை கை தேஞ்சிடுமோ?"

"ஓம் அண்ணை, தேஞ்சிடும்."

பகிடி விடுகிறாள் என்று நினைத்தேன். அவள் கையை விரித்துக் காட்டினாள்.

"கையிலை, முகத்திலை, கழுத்திலை ஒரு தழும்பு இருக்கப்படாது அண்ணை. மெடிக்கலிலை பாப்பினம். உங்கடை கயித்திலை சிப்பி ஒட்டியிருக்கு. போன மாதம் ஒரு ரீச்சருக்கு எப்பிடிக் கிழிச்சது எண்டு கண்டனீங்கள்தானே."

"திரும்பக் கூப்பிடுவினம் எண்டு நினைக்கிறீரோ?"

"எழுதியிருக்கிறன்."

அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் மாதம் ஒரு தரம் எழுதினாள் என்று தபால்கந்தோரில் இருந்தவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். அந்த வெயிலில் முழங்கைக்குக் கீழே இறங்குகிற கைவைத்த சட்டை, குடை, கட்டிய கைகள். எல்லாம் வடிவுக்காக இல்லை. இன்னும் இரண்டு கிழமைப் பயிற்சி மிச்சம் இருந்தது அவளுக்கு. அதற்காகத் தன்னைப் பழுதுபடாமல் வைத்திருந்தாள்.

சில நாளில் காற்று மாறி லோஞ்ச் வெளிக்கிடப் பிந்தும். அப்போது துறையில் கல்லில் இருந்து பயிற்சியைப் பற்றிச் சொல்லுவாள். நான் கயிறு முறுக்கியபடி அரைக் காதால் கேட்பேன். ஒரு நாள், பிளேனின் வயிறு மாதிரிச் செய்த ஓர் அறைக்குள் எல்லாரையும் இருத்திப் புகையை விட்டார்களாம். கண் தெரியாது. கதிரையைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு வாசலுக்குப் போகவேண்டும். இருபது பேரில் பதினேழு பேர் கிட்ட இருந்த வாசலை விட்டுவிட்டு, தாங்கள் ஏறி வந்த வாசலுக்குத்தான் போனார்களாம்.

"நீர்?"

"நானும்தான். வந்த வழியாலைதான் எல்லாரும் ஓடுவினம் அண்ணை. படிச்ச ஆக்கள், படியாத ஆக்கள் எண்டு இல்லை. பேந்துதான் எண்ணப் பழகினனான்."

"உது பிளேனுக்குச் சரி. எங்கடை லோஞ்சுக்கு என்னத்துக்கு?"

"கொழும்பிலை எங்கடை மாடிப்படி பதினொரு படி. இருட்டுக்குள்ளை, புகைக்குள்ளை அம்மாவையும் அப்பாவையும் பின்பக்கத்தாலை இறக்கினனான். அவை முன்வாசலுக்குத்தான் வெளிக்கிட்டவை. முன்வாசலிலைதான் அவங்கள் நிண்டவங்கள்" என்றாள். பிறகு எழுந்து சீலையில் மண்ணைத் தட்டிவிட்டு லோஞ்சைப் பார்க்கப் போய்விட்டாள்.

இதையெல்லாம் கேட்டவன் நான். அதனால்தான் இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நெடுந்தீவுக் கடைகளுக்குப் போகிற மா, சீனி, அரிசி மூட்டைகளை மேல்தட்டில்தான் ஏற்றுவோம். அந்தத் தட்டு நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிந்தது, மூட்டை உருளும். மட்டமான இடம் ஒன்றே ஒன்றுதான், பின்பக்கத்து மூடிப் பலகை. அங்கே வைத்துப் படங்கு என்கிற தார்ப்பாயால் மூடிக் கட்டினால், தென்மேற்கிலிருந்து அடிக்கிற எந்தச் சோழகக் காற்றுக்கும் அசையாது. எனக்கு முன் இருந்தவனும் அங்கேதான் வைத்தான், அவனுக்கு முன் இருந்தவனும் அங்கேதான் வைத்தான்.

அவள் மட்டும் ஒவ்வொரு காலையும் சொல்லுவாள். "அண்ணை, அதிலை வைக்காதேங்கோ. அது வாசல்."

"அது வாசல் இல்லை, தங்கச்சி. மூடி."

"திறக்கிறது எல்லாம் வாசல்தான்."

"அப்ப மாவை உம்மடை மடியிலை வைக்கட்டோ?"

மேல்தட்டில் இருந்த ஆண்கள் சிரிப்பார்கள். தண்டையல், "ரீச்சர், பிளேன் வந்தால் சொல்லுறம், இப்ப கீழை போய் இருங்கோ" என்பார். அவள் போவாள். மறுநாள் திரும்பவும் அதையே சொல்லுவாள், அதே குரலில். அலுக்கவே அலுக்காது அவளுக்கு. எனக்குத்தான் அலுத்தது. சில நாளில் அவள் வருகிறதைக் கண்டால் வேண்டுமென்றே முதலில் அந்த மூட்டையைத்தான் தூக்குவேன்.

அடுத்த வருடம் சோழகம் தொடங்கின பிறகு அவளுக்குக் கடிதம் வந்தது. மெடிக்கல் திரும்பச் செய்து, அது சரியென்றால் மிச்சப் பயிற்சிக்குச் சேரலாம் என்று. துறையில் நின்று எனக்கும் கோழிக்காரிக்கும் அதைத் தமிழில் வாசித்துக் காட்டினாள். போவதற்கு மூன்று கிழமை இருந்தது.

"போனால் எங்களை மறந்திடுவாய்" என்றாள் கோழிக்காரி.

"மறக்கமாட்டன் அக்கா. மேலாலை போகேக்கை கை காட்டுவன்."

"என்ரை கோழியளைப் பயப்படுத்தாதை."

அது ஒரு திங்கட்கிழமை. கிழமை நினைவிருக்கிறது. திங்களில்தான் மா வரும். அவள் வழக்கம்போல "அதிலை வைக்காதேங்கோ" என்று சொன்னாள். நான் மூன்று மா மூட்டையைப் பாதி மூடியிலும் பாதி தட்டிலுமாக வைத்துப் படங்கை இழுத்துக் கட்டினேன்.

நடுக்கடலில் காற்றுப் பலமாக இருந்தது. மேல்தட்டில் யாரோ எறிந்த சுருட்டு அடிக்கட்டை கடலில் விழாமல் முன்படிக்குக் கீழே விழுந்திருக்கிறது. அங்கேதான் தார் பூசிய பழைய கயிறும் சாக்கும் போட்டு வைப்போம். முதலில் மணம் வந்தது. நான் எட்டிப் பார்த்தபோது படியடியில் நெருப்பும், உள்ளே முழுக்கக் கறுப்புப் புகையுமாக இருந்தது. படிக்குக் கிட்ட இருந்த ஏழெட்டுப் பேர் நெருப்பைத் தாண்டி மேலே ஓடி வந்துவிட்டார்கள். மற்றவர்களும் அதே படிக்குத்தான் வந்து நெரிந்தார்கள். நெருப்பின் சூட்டில் பின்வாங்கி, திரும்பவும் அதே படிக்குத்தான் வந்தார்கள். நானும் தண்டையலும் வாளியால் அள்ளி அள்ளி முன்படிக்குத் தண்ணீர் ஊற்றினோம். எங்களுக்கும் அந்த வாசல்தான் தெரிந்தது.

உள்ளே நடந்ததைக் கோழிக்காரி பிறகு சொன்னாள். அந்தப் பிள்ளையின் குரல் கேட்டதாம், சத்தமாக, ஆனால் கத்தாமல்: "பின்னாலை வாங்கோ. என்ரை சீலையைப் பிடியுங்கோ. ஒராளை ஒராள் பிடியுங்கோ." ஒரு கண்ணும் தெரியாத புகைக்குள் அவள் வாங்குகளைத் தொட்டு எண்ணிக்கொண்டு போனாளாம். அஞ்சு என்றதும் எஞ்சின் பெட்டியில் ஏறிப் பலகையைத் தள்ளினாளாம். பலகை அசையவில்லை.

அதன் மேலே என் மா இருந்தது.

பெட்டியில் ஒரு ஆள் நிற்கத்தான் இடம். தள்ளுவதற்கு ஒன்றைப் பிடிக்க வேண்டும். அங்கே பிடிக்க இருந்தது எஞ்சின் சூட்டில் கொதிக்கிற புகைக்குழாய் மட்டும். அவள் இடது கையால் அதைக் கட்டிப் பிடித்து, வலது தோளால் பலகையை நிமிர்த்தினாள். கோழிக்காரி கீழே நின்று அவளுடைய கால்களைத் தாங்கினாள். இரண்டு விரல் அகலம் திறந்தது. அதற்குள் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேரின் முகத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி மூச்செடுக்க வைத்திருக்கிறாள். கையை எடுத்தால் பலகை விழும். அவள் எடுக்கவில்லை. கட்டியிருந்த படங்கு பின்பக்கம் ஏறி இறங்குகிறதைக் கண்டுதான் எனக்கு விளங்கியது. ஓடிப் போனேன். எவ்வளவு நேரம் அவள் அப்படி நின்றாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரு முடிச்சை அவிழ்த்து, மூன்று மூட்டையை இழுத்து எறிகிற நேரம்.

பிள்ளைகள் வந்தார்கள், பெண்கள் வந்தார்கள், கோழிக்காரி இருமிக்கொண்டு வந்தாள். அவள் கடைசியாக வந்தாள். சட்டைக் கை இல்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நான் பார்த்ததை இங்கே எழுதவில்லை.

ஒருவரும் சாகவில்லை. நெருப்பும் ஈரச் சாக்குக்கு அடங்கிவிட்டது. நெடுந்தீவு ஆசுபத்திரியில் கட்டுப் போட்டுவிட்டுப் பின்னேரம் அதே லோஞ்சில்தான் திரும்பினாள். அன்றைக்குத்தான் முதல்முதலாக மற்றவர்கள் ஏறுவதற்கு முன் அவள் இருந்ததைக் கண்டேன். ஒரு இளநீரை வெட்டிக்கொண்டு போனேன். நின்றுகொண்டு கதைக்கக்கூடாது என்று நினைவு வந்தது. முழங்காலில் இருந்தேன்.

"தங்கச்சி... அந்த மூட்டை..."

"எல்லாரும் ஏறிட்டினமோ அண்ணை?"

"ஓம்."

"எண்ணினனீங்களோ?"

நான் எண்ணியிருக்கவில்லை. எழும்பிப் போய் எண்ணினேன். வந்து சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மூட்டையைப் பற்றி நாங்கள் பேசினது அவ்வளவுதான்.

விசாரிக்க ஆட்கள் வந்தபோது தண்டையல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சுருட்டு விழுந்தது எண்டு மட்டும் சொல்லு. மூட்டை எப்பவும் வைக்கிற இடத்திலைதானே இருந்தது, அதை ஏன் இழுக்கிறாய்?" நான் சுருட்டு என்று மட்டும் சொன்னேன். அவளையும் கேட்டார்கள். அவளும் மூட்டையைச் சொல்லவில்லை. அவள் சொல்லியிருந்தால் எனக்கு வேலை போயிருக்கும். ஆனால் மனம் இவ்வளவு காலம் களைத்திருக்காது.

மூன்று கிழமை முடிய அவள் கொழும்புக்குப் போனாள். தோல் இன்னும் மூடாத கை. கைநீளச் சட்டை தைத்திருந்தாள். ரயிலேற்றிவிடத் தகப்பன் யாழ்ப்பாணம் வரை போனார், ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தரம் வீட்டைவிட்டு வெளிக்கிட்டு. ஐந்தாம் நாள் காலையில் அவள் திரும்பத் துறையில் நின்றாள், பள்ளிக்கூடப் புத்தகங்களோடு. கோழிக்காரி கோழிகளின் கால்கட்டைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டாள். நான்தான் கேட்டேன்.

"என்னமாதிரி தங்கச்சி?"

"சட்டைக் கையை மடிச்சுவிடச் சொன்னவை அண்ணை" என்றாள்.

பிறகு லோஞ்சுக்கு ஏற வந்தாள். குடை மடக்கித் தோளில் தொங்கியது. நான் வழக்கம்போல ஒதுங்கி நின்றேன், அவள்தான் ஒன்றையும் பிடிக்கமாட்டாளே. அவள் கையை நீட்டி, சிப்பி ஒட்டின அந்தக் கயிற்றை இறுக்கிப் பிடித்து ஏறினாள். எல்லாரையும்போல.

இறங்கிப்போய், முன்பக்கம் பார்த்து, பின்பக்கம் பார்த்து, நாலாவது வாங்கில் இருந்தாள். எண்ணுவதை அவள் விடவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு மூன்று வருடம் அவளை ஏற்றி இறக்கினேன். சத்தியெடுக்கிறவர்களுக்குப் பையும் கொடுத்தாள். தொண்ணூறுக்குப் பிறகு எங்கள் தீவுகள் வெறுமையாகி, நாங்களும் சிதறிவிட்டோம். அவர்களுடைய வீட்டில் பூட்டுத்தான் தொங்கியது. கனடா என்றார்கள், இந்தியா என்றும் சொன்னார்கள். நான் துருவி விசாரிக்கவில்லை. கண்டுபிடித்தாலும் என்ன முகத்தோடு எழுதுவது?

அவள் கயிற்றைப் பிடித்த அன்று பின்னேரம், குறிகட்டுவானில் எல்லாரும் இறங்கிப் போனார்கள். தண்டையலும் போய்விட்டார். நான் உள்ளே இறங்கினேன். முன்படிக்கு மேலே இருக்கிற கதவைச் சாத்தினேன். நாலாவது வாங்கில், அவள் இருக்கிற இடத்தில் இருந்து கண்ணை இறுக்கி மூடினேன். எழும்பி, வாங்குகளைத் தொட்டுக்கொண்டு பின்னுக்குப் போனேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. எஞ்சின் பெட்டியில் ஏறித் தோளால் முட்டினேன். மேலே மூட்டை இல்லை. பலகை உடனே திறந்தது.

திரும்பிப் போய் மூன்றாவது வாங்கில் இருந்தேன். பிறகு இரண்டாவதில். பிறகு முதலாவதில். ஒவ்வொன்றிலிருந்தும் கண்ணை மூடி எண்ணிக்கொண்டு வந்து, ஒவ்வொரு தரமும் பலகையைத் தூக்கினேன்.